மாமிக்குப் பின்னால் ஒரு பனிமலை

என் கணவரின் வைட் லென்ஸைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொன்னால் என்னைக் கொடுமைக்காரி என்று நினைப்பீர்கள். அந்த லென்ஸ் பரந்த இடத்தை ஒரே படத்துக்குள் அடக்கிவிடும். அடக்குவதற்கு அது என்ன செய்கிறது என்றால், கிட்ட இருப்பதைப் பெருப்பித்துத் தூரத்தில் இருப்பதைச் சிறுப்பித்துவிடுகிறது. இங்கே கனடாவில், ஸ்காபரோவில் வீடு விற்கிறவர்கள் இதை வைத்துத்தான், கட்டிலில் இருந்து காலை நீட்டினால் கதவில் முட்டுகிற பேஸ்மென்ற் அறையைக் கலியாண மண்டபம் போலக் காட்டுகிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றை மலைக்குக் கொண்டுபோனால், தூரத்தில் இருக்கும் மலைக்கு என்ன கதி என்று ஒரு சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். என் கணவர் சின்னப் பிள்ளை இல்லை. அதனால் அவருக்குத் தெரியவில்லை.

இனி அவரை 'இவர்' என்றே சொல்கிறேன். வீட்டிலும் அப்படித்தான். இவருக்கு ஒரு இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கலைஞர். இவரைப் போல இன்னும் கொஞ்சப் பேர் சேர்ந்து வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். எல்லாரும் எங்கள் ஆட்கள். எல்லாருக்கும் முன்னால் ஒரு வயிறு, பின்னால் ஒரு பை. விடியக்காலையில் எழும்பிப் போய் ஏரிக்கரையில் முக்காலியை விரித்துவைத்துக்கொண்டு சூரியனுக்குக் காத்திருப்பார்கள். ஒன்ராறியோ ஏரியில் இவர்கள் எடுக்காத வாத்து இல்லை. ஆனால் இவர்களில் ஒருவருடைய வீட்டிலும் மனைவி கண்ணைத் திறந்தபடி நிற்கும் ஒரு படம் கிடையாது.

கலியாணவீடுகளில் யாராவது, "அண்ணை, கமராவோட நிக்கிறியள், எங்களை ஒருக்கா எடுத்துவிடுங்கோவன்" என்று கேட்டால் இவருக்கு முகம் கோணிவிடும். "நான் லான்ட்ஸ்கேப்தான் செய்யிறனான். ஆக்கள் என்ர ஏரியா இல்லை" என்பார். இருதய வைத்தியரிடம் போய்ச் சொத்தைப் பல்லைக் காட்டினால் அவர் சொல்கிற மாதிரி இருக்கும் அந்தப் பதில். நான் பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் இருப்பவள். காலையில் இருந்து பின்னேரம் வரை வீங்கிய முகங்களைப் பார்ப்பதுதான் என் தொழில். ஆட்களே வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்கு இல்லை.

பிக்கரிங்கில் எங்களோடு மாமியும் இருக்கிறார், இவருடைய அம்மா. மாமிக்கு ஆசைகள் குறைவு. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில், பின்னேரத் தேத்தண்ணி, தேத்தண்ணியோடு போனில் வருகிற மரண அறிவித்தல்கள். இந்தக் கடைசி விஷயத்தில் மாமியைத் தனியே குறை சொல்ல முடியாது. எங்கள் சனம் முழுக்க அப்படித்தான். எந்த ஊர், யாருடைய சகோதரம், பிள்ளைகள் எந்த நாட்டில் என்று வாசித்து, ஒரு பெருமூச்சு விட்டு, பிறகுதான் பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்ப்பார்கள்.

அந்த அறிவித்தல்களில் வருகிற படங்கள்தான் எனக்குப் பொறுக்காது. உயிரோடு இருக்கும்போது ஒருவரைத் தனியாக நிறுத்தி ஒரு படம் எடுக்க எங்கள் ஆட்களுக்கு நேரம் கிடையாது. ஆள் போன பிறகுதான் அல்பங்களைக் கொட்டிக் கிளறுவார்கள். கலியாணவீட்டிலோ பெரியபிள்ளையான பெட்டையின் சாமத்தியவீட்டிலோ பின்வரிசையில், இன்னொருவரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற ஒரு தலை அகப்படும். அந்தத் தலையை வெட்டி எடுத்து ஒரு கோட்டுக்குள் செருகி, ரை கட்டி, பின்னால் கைலாசமலையைக் கொண்டுவந்து வைப்பார்கள். அது போதாதென்று ஒரு நீர்வீழ்ச்சி. சீவியம் முழுக்கச் சாரத்தோடு திரிந்த மனிசர்கள் எல்லாரும் செத்த அன்றைக்குக் கோட்டுப் போடுகிறார்கள். அதுவும் ஒரே நீலக் கோட்டு.

போன இலையுதிர்காலத்தில் டோர்செட் பார்க் பக்கம் குடியிருந்த மாமியின் சிநேகிதி ஒருவர் மோசம்போனார். கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் இருந்து பழகியவர்கள். மரண அறிவித்தல் என் போனுக்கு வந்தது. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சிநேகிதி ஒரு பச்சைச் சேலையில் இருந்தார். அப்படி ஒரு சேலை அவரிடம் இருந்ததே இல்லை. கழுத்து உடம்போடு ஒட்டவில்லை. இடது தோளில், யாருடைய கொண்டையில் இருந்தோ தொங்கிய பூச்சரத்தின் ஒரு துண்டு வெட்டுப்படாமல் கிடந்தது.

"உது அவவே இல்லைப் பிள்ளை" என்றார் மாமி. "தலை மட்டுந்தான் அவ. உடம்பு ஆரோ."

அடுத்த நாள் நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது மாமி வந்து கட்டிலில் இருந்தார். ஒரு தலையணை உறையை எடுத்து மடிப்பது போல மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

"எனக்கு ஒரு படம் எடுத்து வைக்கவேணும். நான் போனாப் பிறகு போடுறதுக்கு. என்ர தலை, என்ர உடம்பு, என்ர சீலை. ஆற்றையும் உடம்பில என்னைக் கொண்டுபோய் ஒட்டக் கூடாது. பின்னால மலை வைக்கவேணுமெண்டால் அதுவும் உண்மையான மலையா இருக்கட்டும்."

"ஏன் மாமி இப்ப உந்தக் கதை?"

"இப்ப கதைக்காமல் செத்தாப் பிறகே கதைக்கிறது?"

அலுமாரி நிறையக் கமரா இருக்கிற வீடு. எடுக்கவேண்டியது பெற்ற தாயை. இதைவிட லேசான காரியம் உலகத்தில் இருக்க முடியாது என்றுதான் நினைத்தேன். இவரிடம் சொன்னேன். "ஓமோம், எடுப்பம். லைற் நல்லா வரட்டும்" என்றார். லைற் வந்தது, போனது. மரங்களில் இருந்த இலையெல்லாம் கொட்டி முடிந்தது. அம்மாவை எடுக்கிற அளவுக்கு நல்ல லைற் மட்டும் வரவில்லை.

குளிர் தொடங்கிய கையோடு குழுவில் ஒருவர் றொக்கி மலைக்குப் போய்வந்து படங்களாகப் போட்டுத் தள்ளினார். அன்றிலிருந்து இவருக்கு நித்திரை இல்லை. ரொறன்ரோவில் மலை கிடையாது. இங்கே கொஞ்சம் மேடான இடத்தைக் கண்டால் அதற்கு ஹில் என்று பெயரை வைத்து ஊராக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். மலை வேண்டுமென்றால் விமானம் ஏறவேண்டும். கோடையில் போனால் என்ன என்று கேட்டேன்.

"சமரில ரூரிஸ்ற்மார்தான் போவினம். சீரியஸான ஆக்கள் வின்ரரிலதான் போறவை" என்றார்.

அப்போது மாமி, "நானும் வாறன்" என்றார்.

எனக்குக் கரண்டி கையில் இருந்து நழுவிவிட்டது. மாமி குளிர் தொடங்கினால் தபால் எடுக்கவும் வெளியே வரமாட்டார். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் விளங்கிவிட்டது. உண்மையான மலை. இவருக்கு விளங்கவில்லை. இவர் சந்தோசத்தில், 'அம்மாவுக்கும் இப்ப லான்ட்ஸ்கேப்பில் இன்ரரெஸ்ற்' என்று குழுவில் எழுதினார். கைகூப்புகிற பொம்மைகளும் பெருவிரல்களும் வந்து குவிந்தன.

மாமி தன் சேலைகளில் அரக்குப் பட்டுச்சேலையை எடுத்தார். கடும் சிவப்பு, மஞ்சள் கரை. இவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டி, "நல்ல நிறம் அம்மா, ஸ்னோவுக்கு எடுப்பாயிருக்கும்" என்றார். நான் அதைத் தாய்மேல் உள்ள பாசம் என்று எண்ணினேன். பை அடுக்கும்போது, ஆட்களை எடுக்கிற லென்ஸ் எங்கே என்று கேட்டேன். அப்படி ஒன்று இருக்கிறது, பெட்டி பிரிக்காத குறையாக அலுமாரியில் கிடக்கிறது.

"பாரம். மலைக்குப் போய் ஆக்களை எடுக்கிறதே? உதுக்கு பிக்கரிங்கே போதும்."

"மாமியை எடுக்கவேணுமெல்லே?"

"வைட்டில எடுக்கலாம். அதில எல்லாம் எடுக்கலாம்."

நாங்கள் போன அன்று குளிர் மைனஸ் இருபதுக்குக் கிட்ட. மலையடி ஏரி உறைந்து கல்லாகிக் கிடந்தது. அதற்கு அப்பால் மலைகள். எனக்கு மலையில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, கண்டதும் வாயடைத்துப் போனேன். மாமி வாகனத்தின் கதவைத் திறந்துகொண்டு, இறங்காமல் அப்படியே இருந்து கைகூப்பினார். "அப்பனே, கைலாசம் மாதிரியெல்லே கிடக்கு" என்றார்.

இவர் இறங்கிய வேகத்தில் ஐஸின்மேல் குப்புறப் படுத்துவிட்டார். வைட் லென்ஸில் எடுப்பதென்றால் முன்னுக்கு ஏதாவது ஒரு பொருள் இருக்கவேண்டுமாம், இல்லாவிட்டால் படம் வெறிச்சென்று இருக்குமாம். தேடித் தேடி ஒரு ஐஸ்கட்டியைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் முழங்கையை ஊன்றிக்கொண்டு கிடந்தார். சுற்றிவர நின்ற சுற்றுலாக்காரர்கள் விழுந்துவிட்டார் என்று நினைத்துத் தூக்கிவிட வந்தார்கள். எனக்கு அவரைத் தெரியாது என்பது போல நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் முணுமுணுப்புக் கேட்டது. "மலை சின்னனா விழுது."

விழாமல்? கமராவின் பின்பக்கத்தை எனக்கும் காட்டினார். ஐஸ்கட்டி மலையளவு இருந்தது. மலை கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகத் தூரத்தில் ஒரு கோடாக இருந்தது. விமானம் ஏறி, வாகனம் பிடித்து, மூக்கு விறைத்து, நாங்கள் ஒரு ஐஸ்கட்டியைப் படம் எடுக்க வந்திருக்கிறோம். அது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருந்தது.

இவர் படத்தைக் குழுவுக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார். ரொறன்ரோவில் சூடான வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒருவர் உடனே பதில் போட்டார். 'அண்ணை, ஸ்கேலுக்கு ஒரு ஆளைத் தூரத்தில் நிப்பாட்டுங்கோ. ஆள் சின்னனாத் தெரிஞ்சால் மலை பெரிசாத் தெரியும். சிவப்பு உடுப்பெண்டால் இன்னும் விசேசம்.'

இவர் தலையை உயர்த்தினார். ஜக்கெற்றுக்குக் கீழே அரக்குச் சேலை தெரிய மாமி நின்றார்.

"அம்மா, ஜக்கெற்றைக் கழட்டுங்கோ. படம் எடுப்பம்."

அப்போது மாமியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஜக்கெற்றையும் தொப்பியையும் கழற்றி என்னிடம் தந்தார். கைப்பையில் இருந்து சின்னச் சீப்பை எடுத்துத் தலையை இழுத்தார். சேலையின் கொய்யக மடிப்பைச் சரிசெய்தார். சேலைக்குள் இரண்டு கம்பளிக் காற்சட்டை, காலில் பனிச்சப்பாத்து, அவை தெரியக் கூடாது என்று முன்பக்கத்தை இறக்கிவிட்டார்.

"பிள்ளை, பொட்டு நடுவில இருக்கோ?"

"இருக்கு மாமி."

"அம்மா, அங்கால போங்கோ" என்றார் இவர். மாமி போனார். "இன்னும் அங்கால." போனார். "இன்னும், இன்னும்." ஐஸில் சறுக்காமல் பாதத்தை அரக்கி அரக்கி மாமி போய்க்கொண்டே இருந்தார்.

"இஞ்சருங்கோ, உவ்வளவு தூரம் போனால் முகம் தெரியாதெல்லே?" என்றேன்.

"நீர் சும்மா இரும். கம்பொசிசன் குழம்புது."

மாமி நின்றார். குளிரில் கையைக் கட்டவில்லை. அந்த மாதிரிப் படத்துக்குக் கை கட்டக் கூடாது என்று அவருக்குத் தெரியும். இரண்டு கையையும் தொங்கவிட்டு, எங்களை நேரே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து குளிருக்குக் கமராவின் பற்றரி செத்துப்போனது. இவர் பைக்குள் மற்றப் பற்றரியைத் தேடினார். மாமி அசையவில்லை. நான் மாமியின் ஜக்கெற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஃபிரேமுக்குள்ள வராதேயும்!" என்று, அதற்குள் பற்றரியை மாற்றிவிட்ட இவர் பின்னால் கத்தினார். வந்தேன், முழுவதுமாக வந்தேன். வீட்டுக்குப் போன பிறகு இவர் கணினியில் போட்டு என்னைப் படத்தில் இருந்து துடைத்துவிட்டார். சுற்றுலாக்காரர்களையும் துடைத்தார். மாமியின் நிழலைக்கூட விடவில்லை.

திரும்பி வரும்போது மாமியின் உதடு நீலமாக இருந்தது. பல் கிடுகிடுக்க, "முகம் நல்லா விழுந்துதோ தம்பி?" என்று கேட்டார்.

"சூப்பரம்மா!" என்றார் இவர். சூப்பர் என்றது முகத்தை இல்லை. இவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பார்த்தவள் நான். அந்தச் சின்னத் திரையில் ஒரு பெரிய ஐஸ்கட்டி, அதற்குப் பின்னால் வெள்ளை, வெள்ளைக்கு அப்பால் மலை, மலைக்கு அடியில் ஒரு சிவப்புப் புள்ளி. லென்ஸ் சிறுப்பித்த மலையைப் பெருப்பித்துக் காட்டுவதற்காகப் பெற்ற தாயை அதைவிடச் சிறுப்பித்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த லென்ஸை ஏரியில் போட்டிருப்பேன். ஏரி உறைந்திருந்ததால் தப்பியது. ஹொட்டேலில் மாமி வெந்நீரில் கால் வைத்துக்கொண்டிருந்தபோது இவரைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்ச் சொன்னேன், நாளைக்கு இன்னொருக்கா எடுங்கோ, கிட்ட நின்று எடுங்கோ என்று. நாளைக்கு முகில் என்றார். முகில்தான் வந்தது, விமானத்துக்கும் நேரமாகிவிட்டது.

தை மாதத்தில் படம் துணியில் அச்சாகி வந்து எங்கள் வரவேற்பறையின் சுவரை அடைத்துக்கொண்டது. அதற்கு முன்பே குழு அதைப் புகழ்ந்து தள்ளியாயிற்று. அந்தச் சிவப்புப் புள்ளிதான் உயிர் என்றார் ஒருவர். அண்ணை, எங்களுக்கெல்லாம் உந்தக் கண் இல்லை என்றார் இன்னொருவர். ஒரு மண்டபத்தில் நடந்த கண்காட்சிக்கும் போயிற்று. தலைப்பு, 'தனிமை'. நானும் இவரும் ஒரு பஸ் நிறையச் சனமும் நின்ற இடம் அது. எல்லாரையும் துடைத்துவிட்டுத் தனிமை என்று பெயர் வைப்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

மாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். பிறகு அறைக்குப் போய், பஞ்சாங்கம் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். ஐஸ்கட்டியில் இருந்து தொடங்கி மேலே மேலே போனார்.

"நான் எங்கை நிக்கிறன் தம்பி?"

"இந்தா அம்மா, இந்தச் சிவப்பு."

"முகம்?"

"முகம் முக்கியமில்லை அம்மா. நீங்கள் ஸ்கேலுக்கு நிக்கிறியள்."

"அதென்ன அது?"

"மலை எவ்வளவு பெரிசு எண்டு காட்டுறதுக்கு."

மாமி பூதக்கண்ணாடியை இறக்கினார். "மலை பெரிசெண்டு ஆருக்குத் தெரியாது?" என்றார்.

இவர் சிரித்தார், அம்மா பகிடி விடுகிறார் என்று. நான் அந்தப் புள்ளியை மட்டும் வெட்டிப் பெருப்பித்துத் தரச் சொல்லி நின்றேன். என்ர கம்பொசிசனை வெட்டுறதோ என்று முதலில் குதித்தார். பிறகு என் கரைச்சல் தாங்காமல் கணினியில் பெருப்பித்தார். வந்தது நாலைந்து சாம்பல் சதுரம். அதில் எது கண், எது மூக்கு என்று கடவுளுக்குத்தான் தெரியும். மலையைக் கல்லி எலியைப் பிடித்தார்கள் என்பார்கள். நாங்கள் எலியைக்கூடப் பிடிக்கவில்லை.

மாமி அரக்குச் சேலையை மடித்து வைத்துவிட்டார். ஆனால் ஒரு வாரம் கழித்து, நான் வேலையால் வந்தபோது, எங்கள் கலியாண அல்பம் மாமியின் மடியில் இருந்தது.

"பிள்ளை, இதில என்ர தலை கொஞ்சம் நல்லா இருக்கு. ஆனா உந்த மனிசன்ர கை முன்னுக்கு நிக்குது. இதை வெட்டேலுமோ எண்டு ஒருக்கா கேட்டுச் சொல்லு."

தன் தலையை எங்கே இருந்து வெட்டலாம் என்று தானே தேடத் தொடங்கிவிட்டார். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அழுகை பாதி, ஆத்திரம் பாதி.

மாசி முடிகிற நேரம் ஸ்காபரோவில் பனி ஒரு கொட்டுக் கொட்டியது. சனிக்கிழமை கோயிலுக்குப் போய், வருகிற வழியில் மரக்கறியும் மீனும் வாங்க எங்கள் ஆட்களின் பிளாசா ஒன்றில் நிறுத்தினேன். அன்று விசேட நாள் என்று மாமி அரக்குச் சேலைதான் உடுத்திருந்தார். பனி அள்ளுகிற வாகனங்கள் பார்க்கிங் லொட்டின் பனி முழுவதையும் தள்ளிக்கொண்டுபோய் மூலையில் குவித்திருந்தன. கடைக்கூரை அளவு உயரம். கீழ்ப்பாதி உப்பும் மண்ணும் காரெண்ணெயும் கலந்து கறுத்துப்போய் இருந்தது. மேற்பாதியில் அன்று காலை பெய்த புதுப் பனி. உச்சி கூராக வந்து, ஒரு பக்கம் சரிந்து, வெயிலில் மினுங்கியது. வானம் ஒரு முகில் இல்லாமல் நீலமாக இருந்தது.

எனக்கு இவருடைய பிரசங்கம் முழுவதும் ஞாபகம் வந்தது. கிட்ட இருப்பது பெருக்கும், தூர இருப்பது சிறுக்கும். கேட்டுக் கேட்டுக் காது புளித்த பாடம், ஒரு நாளைக்காவது உதவட்டும்.

"மாமி, இறங்குங்கோ. ஜக்கெற்றைக் கழட்டுங்கோ. கொஞ்ச நேரந்தான்."

மாமி குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கைப்பையில் இருந்து சீப்பை எடுத்தார்.

குவியலுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, நான் அவருக்குக் கை எட்டுகிற தூரத்தில் முழங்காலை மடித்துப் பதிந்து இருந்தேன். போனைக் கீழிருந்து மேலே சரித்துப் பிடித்தேன். கறுத்த பகுதி முழுவதும் மாமிக்குப் பின்னால் மறைந்தது. தலைக்கு மேலே வெள்ளை உச்சி மட்டும் எழுந்து நின்றது. பின்னால் ஒரு கார்க்காரர், நாங்கள் நிற்பது அவருடைய பார்க்கிங் இடமாம், ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். அடிக்கட்டும். மாமி அந்தச் சத்தத்துக்கு அசையவில்லை. வாயை மூடி, தாடையைச் சற்று உயர்த்தினார். ஏரியின்மேல் அவர் எப்படி நின்றிருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காருக்குள் சூட்டைப் போட்டுவிட்டுப் படத்தைக் காட்டினேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது நான்தான்" என்றார். பிறகு காரின் கண்ணாடிக்கு வெளியே குவியலைப் பார்த்தார். "கைலாசமும் கீழ் பக்கம் இப்பிடிக் கறுத்துத்தான் கிடக்குமோ ஆருக்குத் தெரியும். மேல்தானே படத்தில போடுறவை."

படமும் அச்சடித்துத் தருகிற மருந்துக்கடையில் கொடுத்து எடுத்து, சட்டம் போட்டு மாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். இவர் கண்ணில் படப் பல நாட்கள் எடுத்தன. மாமிக்கு மருந்துக் குளிசை கொடுக்கப் போனவர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"பார்த்தீரே? நீர் என்னோட சண்டை பிடிச்சீர். அம்மாவைக் கிட்டவும் எடுத்திருக்கிறன். லைற்றைப் பாரும். மலையின்ர அந்தச் சரிவைப் பாரும். வைட்டில கீழ இருந்து எடுத்தால்தான் இப்பிடி வரும்."

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்று சொன்னால் பொறுக்கலாம். இவர் ஏறாத மேடையில் ஆடியதாகச் சொல்கிறார். எனக்கு வாய் துறுதுறுத்தது. அது மலை இல்லை, மீன்கடைப் பார்க்கிங் லொட் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்கு முன் அறைக்குள் இருந்து மாமியின் குரல் வந்தது.

"ஓம் தம்பி. நீதான் எடுத்தனீ. நல்லா எடுத்திருக்கிறாய்."

இவர் அதைப் போனில் படம்பிடித்துக் குழுவுக்கு அனுப்பினார். 'அண்ணை, போர்ட்ரெய்ற்றிலயும் கை வைச்சிட்டியள்' என்று பதில் வந்தது. எந்த மலை என்று ஒருவர் கேட்டார். இவர் யோசித்துப் பார்த்து ஒரு மலையின் பெயரையும் எழுதினார்.

நான் சமையலறையில் சட்டிகளை அடித்து அடித்துக் கழுவினேன். மாமி பின்னால் வந்து நின்றார்.

"கோவிக்காதை பிள்ளை. செத்தவீட்டில கொள்ளி வைக்கிறவன் அவன்தானே. வாறவை எல்லாம் அவனிட்டைத்தான் கேப்பினம், அம்மான்ர படம் நல்லாயிருக்கு, ஆர் எடுத்தது எண்டு. அந்த நேரம் அவன் என்ன சொல்லுறது? அவனுக்குச் சொல்ல ஒண்டு இருக்கட்டும். நீயும் சொல்லிப்போடாதை."

"சொல்ல மாட்டன் மாமி" என்றேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. யாருடைய பெயரும் போடாமல் எழுதினால் பாவம் குறைவு. லென்ஸைப் பற்றி அல்லாத எதையும் இவர் வாசிப்பதும் இல்லை.

ஆனாலும் எனக்கு ஆறவில்லை. அந்த மனிசன் தாயைப் புள்ளியாக்கினார். தாய் அவரைச் செத்தவீட்டில் புள்ளியாக நிற்க விடக் கூடாது என்று, இருந்த ஒரே படத்தையும் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார். இந்த நியாயம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. அப்போது சட்டியைத்தான் இன்னும் பலமாகத் தேய்த்தேன்.

மாமி என் போனை வாங்கி, அதில் இருந்த படத்தை விரலால் பெருப்பித்துக் காட்டினார். வலது பக்க மூலையில், பனிக்குள் புதைந்துபோன கடைத் தள்ளுவண்டி ஒன்றின் சில்லு, அந்தச் சின்னச் சக்கரம், கறுப்பாக எட்டிப் பார்த்தது. கலைஞர் கண்ணுக்கு அது தெரியவில்லை. கலைஞரின் நண்பர்கள் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

"உந்தச் சில்லை மட்டும் வெட்டிவிடு பிள்ளை" என்றார். "என்னை வெட்டிப்போடாதை."

கையைத் துடைத்துவிட்டு, அங்கேயே நின்றபடி வெட்டினேன். சில்லோடு சேர்ந்து மலையிலும் ஒரு துண்டு போயிற்று. மாமியில் ஒரு நூல்கூடப் போகவில்லை.